காற்று மெஷினுக்கு வைத்த பொட்டு

ரோட்டில் ஒரு வண்டியும் ஓடாத நேரம் பார்த்து, வண்டி டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் வாங்கிய புத்திசாலிகள் நாங்கள்.

கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். ஒரு மரத்தை இழுத்துப் போட்டால் அடுத்த மரம் விழும். கிடைத்த சந்தில் என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போய் ஜவ்வரிசி மில்லில் இறக்குவது வேலை. ஒருநாள் முன்கண்ணாடி நொறுங்கி, தலைமுடியெல்லாம் கண்ணாடித் தூளோடு வந்து நின்றார். பேன் பார்க்கிற மாதிரி உட்கார வைத்துப் பொறுக்கி எடுத்தேன். அந்த மனுஷனோ, "கல்லு வுட்டவன் நல்லாக் குறி பாத்துதான் வுட்டுக்கினு இருந்தான் புள்ள" என்று அவனுக்குப் பரிசு கொடுப்பவர் போலப் பேசுகிறார்.

"இனிமே லாரி வேணாம். வூட்டாண்டயே ஒரு தொழிலப் பாருங்க" என்றேன். மூன்று வேளை சோறு தண்ணீர் இல்லாமல் படுத்தேன். (நடுவில் கொஞ்சம் பொரி தின்றது அவருக்குத் தெரியாது.) அவர் லாரி முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி ஒரு பேச்சுப் பேசி அனுப்பினார்: "ஷெட்டுல காத்து மெஷினப் போடு. என் லாரி டயரு ஒண்ண ஒழுங்கா ரொப்பிக் காட்டு. காட்டினா என் வண்டி எல்லாத்துக்கும் காத்து, பஞ்சரு உன்கிட்டதான். காட்டலன்னா பேசாம வந்து ஸ்டியரிங்கப் புடி."

உளுந்தூர்பேட்டையில் மூடிப்போன பட்டறை ஒன்றில் பழைய கம்ப்ரசர் கிடைத்தது. லாரி வராது என்பதால் அது உள்ரோட்டில் மாட்டு வண்டியில் வந்தது. டயருக்குக் காற்றடிக்க வந்த மெஷினை டயரே இல்லாத வண்டி சுமந்து வந்தது. கட்டை வண்டி நிறுத்தும் ஷெட்டைக் காலி பண்ணி, தரையில் சிமெண்டு மேடை போட்டு, டேங்கை போல்ட்டு வைத்து இறுக்கி, மோட்டாரை மாட்டி, பெல்ட்டைப் பூட்டினார்கள். நடு ரோட்டில் லாரி டயரைக் கண் மூடித் திறப்பதற்குள் கழற்றி மாட்டுகிற மனுஷன், அந்த நாலு போல்ட்டை இறுக்க அத்தனை நாள் எடுத்துக்கொண்டார். கேட்டால், "சிமெண்டு இன்னும் காயல" என்பார். அந்தச் சிமெண்டின் மேல் எங்கள் வீட்டுக் கோழி படுத்து, எழுந்து, முட்டையும் இட்டுவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு வந்தார் என் மாமியார். டேங்குக்குப் பட்டை, மோட்டாருக்குப் பொட்டு, கடைசியில் காற்று அளவு காட்டும் மீட்டருக்கு வந்தார். கண்ணாடி முழுக்கச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தார்.

"இன்னாத்த, கண்ணாடி மேலயா வெப்பாங்க? முள்ளு தெரியாதே!"

"வட்டமா மொகமாட்டம் இருக்குது. மொகத்துல வெக்காம முதுகுலயாடி பொட்டு வெப்பாங்க?"

நான் முந்தானையை எடுத்துக்கொண்டு போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம அதுவுமா வெச்ச பொட்ட அழிக்கறியா? எம் புள்ள நல்லா இருக்கறது உனக்குப் புடிக்கலயா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பெத்தவள் சொல்லை ஒருநாளும் கேட்டறியாதவர், கைகட்டி நின்று, "அம்மா சொன்னா கேக்கணும் புள்ள. சாமி விஷயம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெஷின் தோற்க வேண்டும் என்று அவர் காத்திருக்கிறார். தோற்றால்தானே லாரி!

சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஆனது. மறுநாள் காலை எங்கள் பங்காளி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தினமும் ரோட்டை மறிக்கப் போகிறவர். "பின் டயர்ல காத்து கம்மியா இருக்குது. சீக்கிரம் அடிச்சி வுடு, மரத்தாண்ட எல்லாரும் வந்துட்டு இருப்பாங்க." என் வீட்டுக்காரர் காற்றுக் குழாயைச் செருகினார். எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வழியில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

டமார்!

ட்யூப் கிழிந்து பங்காளி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெட்டிச் சாய்த்த மரத்தருகே மறியல் செய்தவர்கள் போலீஸ் சுட்டுவிட்டது என்று இந்தப் பக்கக் கரும்புக்குள் ஓடினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் இவர்கள் குண்டு போட்டுவிட்டார்கள் என்று அந்தப் பக்கக் கரும்புக்குள் ஓடினார்கள். பேச்சுவார்த்தையில் காலியாகாத ரோடு ஒரு சைக்கிள் ட்யூபில் காலியானது.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது நம் முதலாளியின் லாரி. டிரைவர் கிடைக்காமல் அவரே ஓட்டி வந்திருக்கிறார். ஆள் ஓடியதைப் பார்த்து, மரத்துக்கு ஓரமாக மண்ணில் இறக்கி, நேராக எங்கள் ஷெட்டு முன்னால் வந்து நிறுத்தினார்.

"இன்னாப்பா, குண்டா?"

"இல்ல மொதலாளி, ட்யூபு."

"மொதக் காத்தே ஊரக் காலி பண்ணுதே!" மீட்டரைப் பார்த்தார். "இது இன்னாது, கண்ணு மூடிக்கினு இருக்குது? என் டயர்ல எத்தினி பவுண்டு ஏறுதுன்னு எப்பிடித் தெரியும்? தொடைப்பா அத."

"யாரும் கை வெக்கக் கூடாது" என்று மாமியார் மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"அப்ப சரி. வந்து ஏறு டிரைவரே, லாரில லோடு கெடக்குது" என்றார் முதலாளி. என் வீட்டுக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். ஆனால் கால் தானாக லாரிப் பக்கம் நகர்ந்தது.

கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும். மெதுவாகக் கேட்டேன். "அத்த, நான் தலைக்கு ஊத்திக்கினா என் பொட்டு போவுதே, அது அழிக்கறதா?"

"அது எப்பிடி அழிக்கறதாவும்? குளிச்சா போவும். திரும்ப வெச்சிக்கற."

"இதுக்கும் ஒருவாட்டி குளிப்பாட்டி வுட்டா இன்னா? வந்ததுலருந்து எண்ணெப் பிசுக்காவே இருக்குது, பாவம்."

மாமியார் மெஷினை மேலும் கீழும் பார்த்தார். அழுக்கு என்றால் அவருக்கு ஆகாது. உள்ளே போய்ச் சீயக்காயைக் கரைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, கரண்டு மெஷினும்மா, ஈரம் ஆவாது!" என்று பதறினார் என் வீட்டுக்காரர்.

"கரண்ட நிறுத்துடா. நீ சின்னப் புள்ளையில குளிக்கச் சொன்னாலும் இப்பிடித்தான் கத்துவ."

மோட்டார் பக்கம் போகாமல், மீட்டரை மட்டும் சீயக்காய் போட்டுத் தேய்த்து, துணியால் துவட்டினார். புதுப் பொட்டை டேங்கு வயிற்றில் வைத்தார். மீட்டர் பளிச்சென்று இருந்தது. மோட்டாரைப் போட்டதும் முள் தயங்காமல் ஏறியது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. லாரி டயரை நிரப்பியதும் முதலாளி இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தார். சுற்றி வந்து இன்னொரு தரம் தட்டினார்.

"நாளைலருந்து எல்லா வண்டியும் இங்க வரும். ஸ்டியரிங்குக்கு நான் வேற ஆளு பாத்துக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் காற்றுக் குழாயைப் பிடித்தபடி ரோட்டில் நின்று லாரி போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பத்தில் அது மறைந்த பிறகும் நின்றார். குழாயில் காற்று சீறிக்கொண்டிருந்தது. ஜெயித்தவள் நான்தான். ஆனாலும் அந்த முதுகைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை.

"கொழாய மூடுங்க. காத்து வீணாப் போவுது" என்றேன்.

"போனா போவட்டும். இனிமே அது ஒண்ணுதான நம்மகிட்ட ஜாஸ்தி" என்றார்.