பேச்சியின் ஆடிச்சுற்று

எதிர்வீட்டுப் பிள்ளை சாப்பிடாமல் ஸ்கூலுக்குக் கிளம்பினாள். “வயிறு காஞ்சா படிப்பு எங்கன ஏறும்?” என்று சத்தம் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறினால் அம்மன் கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். ஐந்தாம் வகுப்பில் நானும் பேச்சியும் கணக்கில் பாஸாக வேண்டிக்கொண்டு, தினமும் பள்ளிக்குப் போகுமுன் பத்துச் சுற்று ஓடினோம். அவள் வீட்டில் ராத்திரி மட்டுந்தான் உலை கொதிக்கும். அது எனக்குத் தெரியும். நான் இட்லி தின்றுவிட்டு, பாவாடை மடிப்பில் பொரிகடலையும் வைத்திருப்பேன்.

“ஏட்டி, பசிக்கு. வாயில என்ன?”

“ஒண்ணுமில்லட்டி. சுத்தும்போது திங்கக் கூடாது, அம்மன் கோவிச்சுக்கிடுவா.”

வகுப்பில் பேச்சி தூங்கி விழுந்தாள். வாத்தியார் பிரம்பை எடுத்தார். “ரெண்டு பேருந்தான சுத்துதீய? இவ கணக்கு போடுதா, நீ உறங்குத!” நான் பொரிகடலை மடிப்பை இறுக்கிக்கொண்டு அடுத்த கணக்கைப் போட்டேன்.

வெளியே வந்து கையைத் தடவிக்கொண்டே பேச்சி சொன்னாள்: “நீ கெட்டிக்காரிட்டி. என் மண்டையில ஒண்ணும் ஏறாது. நாளையிலேர்ந்து அம்மாகூடப் பருத்தி எடுக்கப் போறேன்.”

சொல்லவே கூசுது. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.