கூழ் குடித்தாளா என்று கேட்கவில்லை

பிள்ளைகளே, என் மகள் செலின் ஒன்பது வயதில் செங்கல்பட்டில் ஒரு டாக்டரின் மேசைமேல் மூச்சில்லாமல் கிடந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நன்றி அதற்குப் பிறகுதான்.

1974ஆம் வருஷம். கெளுத்தி மீன் முள் குத்தி அவள் உள்ளங்கையில் சீழ் கட்டிவிட்டது. கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் போனோம். மயக்கம் கொடுத்துக் கீற வேண்டும், ஐந்து நிமிஷ வேலை என்றார் டாக்டர். டிபன் சாப்பிட்டாளா என்று கம்பவுண்டர் கேட்டார். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் ஏது டிபன்? கூழ் குடித்துவிட்டு வந்திருந்தாள். வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எதற்காகக் கேட்கிறார் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் வாசலில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மூக்கின்மேல் துணி வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டவர் அந்தக் கம்பவுண்டர். குடித்த கூழ் மேலே வந்து மூச்சை அடைத்தது. உதடு நீலமானது. டாக்டர் ஓடிவந்து என்னைத் திட்டினார்.

"கூழ ஊத்திக் கூட்டிட்டு வந்து என் கழுத்த அறுக்குறியா?"

அவளைத் தொடக்கூட இல்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். மாதாவே, இவள் மூச்சைக் கொடு. வேறு ஜெபம் எனக்கு வரவில்லை. வாசலில் ஒரு டாக்டரம்மா ராத்திரி டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பி ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டிருந்தார். மயக்க மருந்து கொடுப்பதுதான் அவர் வேலையாம். இறங்கி ஓடிவந்தார். தொண்டையில் குழாய் விட்டு அடைப்பை உறிஞ்சி எடுத்தார். செலின் இருமினாள். அந்த ரிக்‌ஷா கிளம்பியிருந்தால்? மாதாதான் நிறுத்தி வைத்தாள்.

சாயங்காலம், என்னைத் திட்டிய அந்த டாக்டர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"கடவுளே காப்பாத்திட்டாரு. நீயும் விட்டுடுப்பா."

"சாமி காப்பாத்துனது எம்புள்ளைய. உன்னிய இல்ல. பழத்த எடுத்துகினு போ."

மன்னிக்கச் சொல்கிறார் பங்குச் சாமியார். முயல்கிறேன். இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு பூசையையும் இப்போது நான் தவறவிடுவதில்லை. எங்கள் குப்பத்தில் யாருக்காவது மயக்கம் கொடுத்துக் கீற வேண்டுமென்றால் நானும் கூடப் போகிறேன். காலையிலிருந்து வாயில் என்ன போட்டாய் என்று அவர்களைக் கேட்கிறேன். மயக்கம் கொடுக்கப்போவது யார் என்று டாக்டரைக் கேட்கிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

பிள்ளைகளே, மாதாவை நம்புங்கள். கூப்பிட்டால் வருவாள். அவள் வந்து பார்த்துக்கொள்வாள் என்று தன் வேலையை விட்டுப் போகிறவன் கையில் மட்டும் உங்களை ஒப்புக்கொடுக்காதீர்கள்.