என் மகளிடம் அனுமதி கேட்ட டீச்சர்

என் மகளின் வலது மணிக்கட்டில் அந்த நாட்களில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். என் மனைவியின் பழைய பாவாடையில் கிழித்த துணி. மகளுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. பிடிக்காதது ஏதாவது நடந்தால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். புண்ணின் மேல் புண்ணாகி அந்த இடம் காய்த்துப் போயிருந்தது. மதுரையில் ஒரு மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. கையைக் கட்டிப் போடுங்கள், வேப்பெண்ணெய் தடவுங்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். இரண்டையும் செய்தோம். அவள் வேப்பெண்ணெயோடு சேர்த்துக் கடித்தாள்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி, பிள்ளைக்காக வேலையை விட்டிருந்தாள். விருதுநகரை ஒட்டிய சூலக்கரைப் பக்கம் சிறப்புப் பள்ளி ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அங்கேதான் டீச்சரைப் பார்த்தோம். காரியாபட்டிக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்து, காரணம் கண்டு, மாற்று வழி சொல்லிக்கொடுக்கும் படிப்பைச் சென்னையில் படித்துவிட்டு வந்திருந்தார். எங்களிடம் பேசுவதற்கு முன் அவர் மகளின் எதிரே குந்தி உட்கார்ந்து, "நான் இங்கன உக்காரட்டுமா?" என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் எழுந்து நான்கடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். என் மகளிடம் ஒருவர் அனுமதி கேட்டதையும், கிடைக்காததால் விலகியதையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முதல் இரண்டு வாரம் அவர் எதையும் மாற்றவில்லை. பள்ளியிலும் எங்கள் வீட்டிலும் பக்கத்தில் இருந்து பார்த்தார், எழுதினார். மகள் கடிக்கப் போகும்போது காயம் படாமல் தன் கையை நடுவில் கொடுத்துவிடுவார். அவர் கையிலும் பல் தடம் விழுந்தது. "பிள்ளை இம்புட்டுப் பாடுபடுது, அவுக எழுதிக்கிட்டே இருக்காக" என்று மனைவி குறைப்பட்டாள். பிறகு ஒரு நாள் டீச்சர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "தல சீவும்போது கடிக்கா, நீங்க சீப்பக் கீழ போட்டுருதீக. சோறு ஊட்டும்போது கடிக்கா, தட்ட எடுத்துருதீக. போதும்னு சொல்ல அவளுக்கு இந்த ஒரு வழிதான் தெரியும். அதக் கட்டிப் போட்டுட்டா அவ எப்படிச் சொல்லுவா? வேற வழி சொல்லிக் குடுப்போம்."

அச்சகத்தில் மிஞ்சிய கெட்டி அட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் அட்டை வெட்டிக் கொடுத்தேன். அதை அவள் நீட்டினால் நடக்கிற காரியம் நின்றுவிட வேண்டும். "வேன் வந்துருச்சு, அவசரம்னு எதுவும் சொல்லக் கூடாது. குடுத்தா நிப்பாட்டணும்" என்பது டீச்சர் எங்களுக்குப் போட்ட ஒரே கட்டளை. முதல் மாதம் அவள் எல்லாவற்றுக்கும் அட்டையை நீட்டினாள். பாதித் தலை சீவிய பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போனதைத் தெருவே பார்த்துச் சிரித்தது. பிறகு, அட்டையை நீட்டிய பின் அவள் சில விநாடி பொறுக்க, அதன் பின் நிறுத்துவது என்று பழக்கினோம். கடிப்பது குறைந்தது. நடுவில் திடீரென்று கூடியது. டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் போட்ட திட்டம் தப்பு. ரொம்ப வேகமாப் பொறுக்கச் சொல்லிட்டேன். பாப்பா மேல குத்தமில்ல" என்றார். அச்சகத்தில் ஒரு வண்ணம் இடம் விலகி விழுந்தால் பேப்பரைக் குறை சொல்வோம், மையைக் குறை சொல்வோம். தன்னையே குறை சொல்லிக்கொண்டவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தீபாவளிக்குச் சேலையும் பட்டாசுப் பெட்டியும் கொண்டுபோனோம். வாங்கிக்கொள்ளவில்லை. "இத வாங்கிட்டா, நாளைக்கு உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணச் சொல்ல எனக்கு வாய் வராதுக்கா" என்றார். நீட்டியதை மறுப்பது எங்கள் ஊரில் முகத்தில் அடித்த மாதிரி. மனைவி வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். கொஞ்சம் இளகியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பட்டாசு ஆலை முதலாளி ஒருவர் வருவதாக இருந்தது. மனம் வைத்தால் இரண்டு வகுப்பறை கட்டித் தருவார். என் மகளுக்கு மேடையில் தலை சீவி, அவள் கடிக்காமல் இருப்பதைக் காட்டலாம், டீச்சர் ஆரம்பத்தில் எடுத்துவைத்திருந்த புண்ணின் படங்களையும் பெரிதாகப் போடலாம் என்றார் பள்ளிச் செயலாளர். படங்களை டீச்சர் தரவே இல்லை. மேடை பற்றி எங்களிடம் கேட்டார்: "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். அதனால பாப்பாவுக்கு இங்கன எதுவும் குறையாது." நான்தான் சம்மதித்தேன். என் பிள்ளையையும் நாலு பேர் கைதட்டிப் பார்க்கட்டுமே என்ற ஆசை.

மேடை ஏறியதும் மைக் கீச்சிட்டது, கூட்டம் கைதட்டியது. டீச்சர் எடுத்த சீப்பு தலையில் படுவதற்குள் மகள் அட்டையை நீட்டிவிட்டாள். "ரெண்டு நிமிசம் டீச்சர், ஐயா பாக்கட்டும்" என்று செயலாளர் ஓரத்திலிருந்து கெஞ்சினார். டீச்சர் குனிந்து, "சரி பாப்பா, போதும்" என்று சொல்லி அவளை இறக்கிக் கூட்டிப்போனார். எனக்கு அவமானமாகப் போயிற்று. வெளியே வந்து, "ரெண்டு நிமிசந்தான டீச்சர்? அம்புட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் ஆகுமே" என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "குடுத்தா நிப்பாட்டுவோம்னு எட்டு மாசமா அவளுக்குச் சொல்லியிருக்கோம்ணே. பெரிய ஆளு வந்தா நிப்பாட்ட மாட்டோம்னு இன்னைக்குக் காட்டிட்டா, நாளைக்கு அவ எத நம்புவா?"

அன்று பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து வந்தாள். ஒரு தடவைகூடக் கை வாய்க்குப் போகவில்லை.

கட்டடம் வரவில்லை. பிள்ளைகள் மேலும் இரண்டு கோடையைத் தகரக் கொட்டகையில் கழித்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு முழுத் தெளிவு இல்லை. அந்த வருடக் கோடை விடுமுறையோடு டீச்சரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடைசி மாதம் முழுக்க அவர், அடுத்து வந்த ஆசிரியைக்கும் என் மனைவிக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. சில சொற்கள் பேசுகிறாள். காலையில் என்னோடு அச்சகத்துக்கு வந்து கல்யாணப் பத்திரிகைகளை உறையில் போடுகிறாள். போன மாதம் எப்படியோ டீச்சரின் நம்பர் கிடைத்துப் பேசினேன். அவர் முதலில் கேட்டது, "இப்பவும் வேண்டாம்னு சொல்றாளா?" என்றுதான்.

"எங்கிட்டயே சொல்லுதா டீச்சர். நேத்து வேலை செய்யும்போது போன்ல படம் எடுக்கப் போனேன். வேணாம்னுட்டா."

"எடுத்தீகளா?"

"இல்ல டீச்சர்" என்றேன்.