ஜபீனும் நானும் பிரித்துப் படித்த இங்கிலீஷ்

காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை... அதோடு டைப்ரைட்டர் ரிப்பன் மை வாசனை. இரண்டும் சேர்ந்து நினைவுக்கு வந்தால் எனக்கு இன்னும் விரல் துறுதுறுக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். திருவானைக்காவலில் ஒரு காப்பிப்பொடிக் கடை மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வருவேன், மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜபீன் வருவாள். இருவரும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் என்றாலே பயம். சேர்ந்ததோ இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்ட்!

ஷார்ட்ஹேண்ட் என்கிற சுருக்கெழுத்தில் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம், மெய்யெழுத்துக் கோடுகள்தான் மிஞ்சும். திரும்பப் படிக்கும்போது முன்னும் பின்னும் பார்த்துத்தான் வார்த்தையைப் பிடிக்க வேண்டும். வார்த்தையே தெரியாதவள் எதைப் பிடிப்பாள்?

ஜபீன்தான் வழி கண்டாள். கோட்டின் கடைசியில் 'ஷன்' ஒலிக்கான கொக்கி வந்தால் அது ஒரு செயலின் பெயர், 'லெஸ்' வந்தால் இல்லாதது, 'ஏபிள்' வந்தால் முடியக்கூடியது என்று வாலை முதலில் பிரிப்பாள். பிறகுதான் மிச்சம். ஒருநாள் அத்தாவை, அதாவது அவள் அப்பாவை, ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தவள், மூச்சு வாங்க மாடியேறிச் சொன்னாள்.

"விஜி, போர்ட்டர் என்னடி பண்றாரு? தூக்கிட்டுப் போறாரு. அப்ப இம்போர்ட்னா உள்ள தூக்கிட்டு வர்றது, எக்ஸ்போர்ட்னா வெளிய தூக்கிட்டுப் போறது. எல்லாம் ஒரே குடும்பம்டி."

அன்றிலிருந்து எங்களுக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. கடை போர்டு, பஸ் டிக்கெட், கண்ணில் பட்ட இங்கிலீஷை எல்லாம் பிய்த்துப் போட்டோம். டிக்‌ஷனரி இருவரிடமும் இல்லை... அதுவும் நல்லதாகப் போயிற்று.

அப்போது ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டெனோ வேலை வந்தது. ஒரே ஒரு காலியிடம். இருவரும் டெஸ்ட்டுக்குப் போனோம். அப்பாவின் மில் மூடிக் கிடந்த நேரம், எனக்கு வேலை கிடைக்காவிட்டால் தம்பி படிப்பு நின்றுவிடும். ஜபீனுக்கும் அது தெரியும். அவளுக்கும் அந்த வேலை வேண்டும், கிடைக்காவிட்டால் நிக்காஹ் பேச்சை எடுக்க வீட்டில் தயாராக இருந்தார்கள்.

டிக்டேஷனில் எழுதியதை டைப் அடிக்கும்போது ஒரு கோட்டில் மாட்டிக்கொண்டேன். முன்பின் கேட்டிராத வார்த்தை. வாக்கியத்தை மறுபடி படித்தேன். இந்த பம்பை விவசாயி வயலுக்கு வயல் கொண்டுபோகலாம் என்று இருந்தது. வால் 'ஏபிள்'. அதற்கு முன்னால்... ஜங்ஷன் போர்ட்டர்! 'போர்ட்டபிள்' என்று அடித்தேன்.

வெளியே வந்து ஜபீனைக் கேட்டேன். பயத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். நான் சொன்னதும் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

வேலை எனக்குக் கிடைத்தது. அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்ஸ்டிடியூட் பக்கமே போகவில்லை. அவளே ஸ்ரீரங்கத்துக்கு வீடு தேடி வந்துவிட்டாள்.

"எதுக்குடி ஒளிஞ்சுக்கிற? நான் கண்டுபிடிச்சது வீணாப் போகல, அவ்வளவுதான். வா, எனக்கு டிக்டேஷன் குடு. அடுத்து வேற ஒரு டெஸ்ட் இருக்கு."

கொடுத்தேன். அதில் தேறி, ஒரு காலேஜ் ஆபீஸில் சேர்ந்து, சூப்பரின்டெண்டென்ட்டாக ரிட்டயர் ஆனாள்.

இப்போது மொபைலைத் தொட்டால் அர்த்தம் வந்து நிற்கிறது. நல்ல வசதிதான், நானும் தொட்டுத்தான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்கான பரீட்சைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு படிக்கிறவளிடம் சொன்னால் அவள் முந்திவிடுவாளாம்.

அந்தப் பெண் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்... ஜபீன் சொன்னாள், நான் முந்தினேன். அது தெரிந்த பிறகும் அவள் எனக்குச் சொல்லித் தருவதை நிறுத்தவே இல்லை.