வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்ட வீடு

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் ‘ஏன்?’ என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. வேம்பாரில் அம்மா சொல்லுவாள்: “ஏளா, போற வீட்டிலயாவது வாயை அடக்கி வச்சிக்கோ. இல்லன்னா வந்த பஸ்ஸிலயே திருப்பி ஏத்தி விட்டிருவாவ.” எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தேன். புதுத் துறைமுகத்துக்குப் போகிற லாரிச் சத்தத்தில் ஊரே கிடந்து அதிர்ந்த நேரம். அந்தச் சத்தம் கொஞ்சமும் எட்டாத ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருந்தார். என் மாமனார்.

மாமா சங்கு குளிக்கப் போனவர். மூச்சடக்கி முங்கி முங்கியே இரண்டு காதும் போய்விட்டது. எங்கள் தெருவில் அது புதுசில்லை. ‘செவிடன் காதில் ஊதின சங்கு’ என்பது மற்ற ஊரில் பழமொழி. எங்கள் தெருவில் அது ஆளைக் கைகாட்டிச் சொல்லுகிற கேலி.

காது போனது போகட்டும், புத்தியும் போய்விட்டது என்றுதான் வீட்டில் பேச்சு. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு, “ஏலே, என்னைப் பத்தித்தானே பேசுதீய?” என்று கத்துவார். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் துள்ளி எழுந்து கையை வீசுவார். ஒரு நாள் அந்தக் கை மாமியின் கன்னத்தில் பட்டுவிட்டது. மாமி அழுத அழுகையைப் பார்த்துப் பெரிய அத்தான், என் வீட்டுக்காரரின் அண்ணன், முடிவு கட்டிவிட்டார். புத்தி பேதலித்தவர்களைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டி, ஜெபம் பண்ணுகிற கோயில் ஒன்று தெற்கே இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் மாமாவை அங்கே கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு.

மாதாவே, சங்கிலியா! வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நீ பேசாம இரி. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். பேசாமல் இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கப் போகிறேன்?

அன்றிலிருந்து மாமாவையே கவனித்தேன். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனால், அங்கன வள்ளத்து நிழலில் பழைய கூட்டாளிகளோடு குந்தியிருப்பார். எல்லாரும் சங்கு குளித்தவர்கள், பாதிப் பேருக்குக் காது கேட்காது. கையை ஆட்டுவதும் வாயைக் கோணுவதும், ஒருத்தர் தொடையை ஒருத்தர் தட்டிச் சிரிப்பதுமாக ஒரே கும்மாளம். பைத்தியம் என்றால் அங்கேயும் பைத்தியமாகத்தானே இருக்கணும்? வீட்டு வாசலை மிதித்ததும் பிடித்துக்கொள்கிற பைத்தியம் என்ன பைத்தியம்?

முதலில் அந்தக் கை வீசுகிற விஷயத்தைப் பார்ப்போம் என்று நினைத்தேன். வீட்டில் மாமா உட்காருகிற இடத்தில் நானே போய் உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டேன். முதுகு வாசலைப் பார்த்து இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். யம்மா! துள்ளி விழுந்தேன். மாமிதான். “ஏளா, உனக்கும் பைத்தியம் பிடிச்சிட்டா?” என்றாள்.

எதிர்ச் சுவரில் என் கல்யாணக் கண்ணாடியை மாட்டினேன், வாசல் அதில் தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி. “கிழவனுக்குப் பவுடர் போட்டுவிடப் போறியோ?” என்று மாமி கேட்டாள். மாமாவுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. யாராவது படியேறினால் கண்ணாடியில் பார்த்து, தானே திரும்பி “வா” என்பார். கை வீசுவது நின்றுபோனது. மாமியும் அடுப்படியில் இருந்தபடியே அதில் எட்டிப் பார்த்து, வருவது மீன்காரியா, வம்புக்காரியா என்று தெரிந்துகொண்டு, வம்புக்காரி என்றால் சீக்காளி மாதிரி இருமினாள். கண்ணாடியை யாருக்காக மாட்டினோம் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுச் சண்டை மட்டும் ஓயவில்லை. அதற்குள் கிறிஸ்துமஸும் வந்து போய்விட்டது. மாமாவின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தார்கள். அந்தப் பையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதைக் காலால் இன்னும் கொஞ்சம் மூலைக்குத் தள்ளிவிட்டேன்.

ஆம்பிளைகள் மூன்று பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாமா கடைசி. எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் இல்லை, அரிக்கேன் விளக்கு அவர்கள் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒரு நாள் குழம்பு ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். விளக்கு பின்னால் இருந்ததால், எதிரே நிற்கிற எனக்கே அவர்கள் முகம் நிழலாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருக்கிற மாமாவுக்கு என்ன தெரியும்? மகனுடைய காதும், ஆடுகிற தாடையும். கடற்கரையில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள்? வட்டமாக, பகல் வெளிச்சத்தில், ஒருத்தர் வாயசைவைப் பார்த்தே ஒருத்தர் பேச்சைப் பிடித்துக்கொண்டு. அட, இவ்வளவுதானா!

மறுநாள் பாயைச் சுவரிலிருந்து இழுத்து நடுவீட்டில் போட்டேன். தட்டுகளை வட்டமாக வைத்து, நடுவில் ஒரு மணைப் பலகையின் மேல் விளக்கை வைத்தேன்.

“என்ன, சீட்டாட்டமா நடக்கு இங்கன?” என்றாள் மாமி.

“சுவரு ஓதம் அடிக்கி மாமி. பாயெல்லாம் நனையுது.”

பொய்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று பேரும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். நான் சோறு போட்டேன். பெரிய அத்தான் வழக்கம்போலக் குரலைக்கூடத் தாழ்த்தாமல் என் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார். தூணை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் மாமாவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசுவார்கள்.

“திங்கக்கிழமை முத பஸ்ஸில அப்பாவக் கூட்டிட்டுப் போயிருவோம். கட்டிப் போட்டா கொஞ்ச நாள் துள்ளுவாவ. பெறவு அடங்கிருவாவ.”

மாமா எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. அவர் அத்தானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

“யாரைலே கட்டிப் போடணும்? என்னையா?”

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தட்டையே பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று தினமும் கத்தினாரே அந்த மனுசன், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

“தலையத் தூக்கிச் சொல்லுலே,” என்றார் மாமா. “தெரியல.”

அத்தான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. எங்கள் வீட்டிலேயே பிடிவாதக்காரர் அவர்தான். கையை நீட்டி, பலகையோடு விளக்கைத் தன் பக்கம் இழுத்தார். வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“நீங்க எங்கயும் போகல, அப்பா.”

மாமா கொஞ்ச நேரம் அந்த வாயையே பார்த்தார். பிறகு கையிலிருந்த சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டே, என் பக்கம் தட்டை நகர்த்தினார்.

“மருமவளே, குழம்பு ஊத்து.”