மாற்றி வைக்கச் சொன்ன விசுவாசம்

கவுன்சிலிங் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் நான் மதம் மாற வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். அரைகுறையாக அல்ல. இரத்தசாட்சியாக மரிக்கும்போது எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்று யோசிக்கிற அளவுக்கு நம்பினேன்.

கேரள எல்லையில், கம்பம்மெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் நான் சூப்பர்வைசர். காயைத் தரம் பிரிக்கிற பெண்களிடம் வாயாடுவதுதான் உண்மையில் என் வேலை. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவனிடம் ஜனங்கள் அழுகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறார்கள். கேட்டுவிட்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. இன்னொரு ஜோக் சொல்வேன். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கவுன்சிலர் வந்துகொண்டிருந்தார், ஆனால் அவருக்குத் தமிழ் வராது. தோட்டத்து ஆட்கள் அவர் கேட்கிற எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லி, தலைவலி மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்கள். பயிற்சியை முடித்துவிட்டு வந்தால் வியாழக்கிழமைகளில் ஓர் அறை தருவதாக அங்கிருந்த டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த அறையில் உட்கார்ந்து, தமிழில் ஒருவர் பேசுவதை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் இந்த வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பில் தமிழ் ஆள் நான் ஒருவன்தான். மலையாளம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் சில்லறை கேட்கலாம், ரேஷன் கடையில் சண்டை போடலாம். அதற்கு மேல் படித்ததில்லை. தொழில் நெறிகளைப் பற்றிய முதல் பாடத்தில் டீச்சர் சொன்னார்: "கவுன்சிலிங் முறியில் கேறும்போள் நிங்ஙளுடெ விசுவாசம் மாற்றி வெக்கணம்."

முறி என்றால் அறை. அது தெரியும். அறைக்குள் நுழையும்போது விசுவாசத்தை மாற்றி வைக்க வேண்டும். பல்பை மாற்றுகிற மாதிரி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும்.

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முக்காடு போட்ட ஒரு பெண் அதைக் குறித்துக்கொண்டார். நெற்றியில் சந்தனம் வைத்தவர் "அது சரியா" என்று, சரிதான் என ஆமோதித்தார். முன் பெஞ்சில் ஒரு கன்னியாஸ்திரீ இருந்தார், அவரும் தலையாட்டினார். அங்கேதான் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போனது. கன்னியாஸ்திரீயே மாறச் சம்மதித்துவிட்டார் என்றால், வேதக்கோயிலில் உண்டியல் எடுக்கிற நான் எம்மாத்திரம்?

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"மதம் மாறணுமாம்."

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எந்த மதத்துக்கு?"

"அதச் சொல்லல."

"கேக்க வேண்டியதுதான?"

"எப்படிக் கேக்கச் சொல்ற? அவ்வளவு பேரும் சரின்னுட்டாக."

"அப்ப எல்லாரும் ஆளுக்கொரு மதம் மாறி, கடைசியில யாரு எங்க இருக்காகன்னு தெரியாமப் போகும். நானும் மாறணுமா, இல்ல நீங்க மட்டுமா?"

"விளையாடாத."

"நான் எங்க விளையாடுறேன்? வர்ற கிறிஸ்மஸுக்குக் கறி எடுக்கணுமா வேண்டாமா, அத மட்டும் கேட்டுட்டு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் பாடியது கூரை தாங்காத சத்தம். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் நான் மட்டும் ஒரு வரி பாடிக்கொண்டிருந்தேன். போதகர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், இது பிரியாவிடை என்று.

அடுத்த வகுப்பில் எழுந்து நின்றேன். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை பார்த்து வைத்த மலையாளத்தில், "டீச்சரே, ஞான் மாற்றில்லா. என்டெ அப்பன்டெ காலம் தொட்டு ஞங்ஙள் வேதக்காரா" என்றேன். அதாவது, மாற்ற மாட்டேன், அப்பா காலத்திலிருந்தே நாங்கள் கிறிஸ்தவர்கள். இறுதி ஊர்வலத்தில் யார் யார் வருவார்கள் என்றுகூட மனது ஒரு பக்கம் கணக்குப் போட்டது.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னியாஸ்திரீதான் முதலில் திரும்பினார். அவர் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பது அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"அண்ணே, மாத்தச் சொல்லல. மலையாளத்துல மாற்றி வைக்கிறதுன்னா ஒதுக்கி வைக்கிறது, தள்ளி வைக்கிறது. நீங்க ஒரு வாரமா இதையா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"நீங்க தலையாட்டினீங்களே, சிஸ்டர்."

"நான் மாறப்போறேன்னா நெனச்சீங்க?"

அவர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். விஷயம் மலையாளத்துக்குப் பெயர்ந்து வகுப்பு முழுவதும் போய்ச் சேர்ந்தபோது நான் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் சிரித்து முடித்துவிட்டு வாசலைக் காட்டினார். வெளியே மழை. எல்லோருடைய குடையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் நின்றது. "குட வெளியில் வெச்சில்லே? களஞ்ஞோ?" என்று கேட்டார். வெளியில் வைத்தீர்களே, தூக்கியா எறிந்தீர்கள் என்று அர்த்தம். வந்தவர் கேட்காமல் அவர் தலைக்கு மேல் உங்கள் குடையைப் பிடிக்காதீர்கள், நெறி அவ்வளவுதான் சொல்கிறது என்றார்.

நிம்மதியாக மூச்சு விட்டேன். பாதி மூச்சில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. மதம் மாறுவது பெரிய காரியம்தான், ஆனால் ஒரு நாளில் முடிந்துவிடும். இது அப்படி இல்லை. வேதக்காரர்கள் நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் ஜெபம் பண்ணாமல் எழுந்திருக்க மாட்டோம். காபி குடித்தால் ஜெபம், காய்ச்சல் விசாரித்தால் ஜெபம். ஒருமுறை கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவனுக்காகவும் ஜெபித்திருக்கிறேன். ஒருவர் எதிரில் உட்கார்ந்து அழும்போது என் வாய் எப்படிச் சும்மா இருக்கும்?

பயிற்சியின் கடைசிக் கட்டமாக, ஆஸ்பத்திரி அறையில் ஒருவரைச் சந்திக்க வேண்டும். டீச்சர் மூலையில் உட்கார்ந்திருப்பார். நான் தேறினால்தான் அறை. வந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெண், என் வயதுக்காரர். அவர் சொன்னதை எல்லாம் எழுத எனக்கு உரிமை கிடையாது. அவரே எழுதலாம் என்று சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அவர் புருஷனை விட்டு வந்துவிட்டார். திரும்பிப் போவதாக இல்லை.

என் நாக்கின் நுனியில் ஒரு வசனம் வந்து நின்றது. அதன் பின்னாலேயே சமரசம் பேசும் பிரசங்கம் ஒன்று வரிசையில் நின்றது. மேசைக்குக் கீழே கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. பிரித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். மூலையில் டீச்சரின் பேனா நின்றுவிட்டது.

அந்தப் பெண் சொன்னார்: "எல்லாரும் வர்றாக. ஜெபம் பண்ணிட்டுப் போயிருறாக. நான் சொல்றத ஒருத்தரும் முடிய விடல, சார்."

வரிசையில் நின்ற பிரசங்கம் கலைந்து போனது. எனக்குத் தெரிந்த கவுன்சிலிங் எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாக வந்தது.

"பெறகு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறொன்றும் சொல்லப்போவதில்லை என்று உறுதியான பிறகு பேசத் தொடங்கினார். நேரம் முடியும் வரை பேசினார். நடுவில் இரண்டொரு தடவை "பெறகு" சொன்னேன். ஜோக் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

கதவருகே போய் அவர் திரும்பினார். "சார் வேதக்காரகதான?"

"ஆமா."

"ஜெபம் பண்ணலயே?"

"நீங்க கேக்கலயே."

அவர் சிரித்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வாளியிலிருந்து என் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வழியில் குடைக்குள் தனியாக நடந்தபடி, பெயர் சொல்லாமல், அவருக்காக ஜெபித்தேன். அது நெறிக்கு எதிரா என்று பிறகு டீச்சரிடம் கேட்டேன். "அது நிங்ஙளுடெ குடையல்லே" என்றார். அது உங்கள் குடைதானே என்று.

எனக்கு அறை கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தார். ஜெபம் கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.