லாபுபாயின் எட்டாவது புள்ளி

லாபுபாய்க்கு எல்லாமே இடது கைதான். சாப்பாட்டை மட்டும் அவருடைய அம்மா அடித்து அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டாள். பேனா பிடிப்பது, பீடி பிடிப்பது, வைரம் பிடிப்பது எதையும் அவளால் மாற்ற முடியவில்லை. சூரத்தில் வைரம் பட்டை தீட்டும் வராச்சா ரோட்டில் அவரை ‘டாபோடி’ என்பார்கள். இடக்கையன் என்று அர்த்தம். நாலு பேர் நெருக்கி உட்காரும் சாணைச் சக்கரத்தில் இடக்கையன் ஒருத்தன் இருந்தால் பக்கத்து ஆளின் முழங்கையை இடித்துக்கொண்டே இருப்பான். அதனால் அந்தப் பெயரில் கேலியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

அந்தப் பக்கத்து முழங்கை மாவ்ஜியுடையது. இரண்டு பேரும் கரியாதார் பக்கம் ஒரே ஊர். ஒரே பஸ்ஸில் சூரத்துக்கு வந்தவர்கள். லாபுபாயை ‘அவர்’ என்று சொன்னால் மாவ்ஜியையும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பார்கள் சிலர். வேண்டாம், அவனுக்கு ‘அவன்’ போதும்.

மாவ்ஜிக்குச் சாணை பிடிக்க வரவே வராது. அவன் கையில் கொடுத்த கல் பாதி, பொடி பாதி. ஆனால் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா? மூன்றே வருஷத்தில் சக்கரத்தை விட்டு எழுந்து தரகன் ஆனான். அடுத்த ஐந்து வருஷத்தில் முதலாளி. லாபுபாயின் கண் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். “தரம் பிரிக்க நீ வந்துடு லாபு. ஆனா நாலு பேர் முன்னாடி மாவ்ஜின்னு கூப்பிடாத. சேட்னு கூப்பிடு” என்றான். அன்றிலிருந்து நாலு பேர் இல்லாதபோதும் லாபுபாய் அவனைச் சேட் என்றுதான் கூப்பிட்டார்.

பிறகு அவனுக்கு மாவ்ஜி என்ற பெயரே கூசியது. ‘மானவ்’ என்று மாற்றிக்கொண்டான். சும்மா வைரம் விற்றது போய், நெக்லஸ் விற்க மும்பையில் கடை போட்டான். நடிகையைக் கழுத்தோடு படம் பிடித்து மேம்பாலத்தில் மாட்டினான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வளைவு கட்டி, அதில் சரஸ்வதியைவிடப் பெரிதாகத் தன் பெயரைப் போட்டான். பேங்க் மேனேஜர் வந்தால் நெய் சொட்டும் இனிப்பு ஒரு கூடை காருக்குள் போகும். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு அவர் சர்க்கரை வியாதி என்று ஜாமீன் கேட்கிறாராம். இருக்காதா பின்னே?

லாபுபாய்க்கு வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் ஒரு மேஜை. விளக்கு வெளிச்சம் கல்லுக்கு மேக்கப் போடும், ஜன்னல் வெளிச்சம் பொய் சொல்லாது என்பார். வெள்ளைத் தாளில் கற்களைக் கொட்டி, இடுக்கியால் தள்ளித் தள்ளிப் பிரிப்பார். வேலை முடிந்ததும் உள்ளே நீலத் தாள் வைத்த காகிதத்தில் போட்டுப் பொட்டலம் மடிப்பார். இடக்கை மடிப்பு என்பதால் அது மற்றவர்கள் பொட்டலம் திறக்கும் பக்கம் திறக்காது. கடைசியாக நீலத் தாளின் மூலையில் பென்சிலால் கடுகளவு ஒரு புள்ளி. பார்த்தாச்சு, இனிப் பார்க்க வேண்டாம் என்பதற்கு அடையாளம். இருபது வருஷப் பழக்கம். கை தானாகவே வைத்துவிடும்.

ஒரு தீபாவளி விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த வாரம், ஹாங்காங்கிலிருந்து புதுச் சரக்கு என்று ஒரு பெட்டி வந்தது. லாபுபாய் முதல் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். அது அவருடைய மடிப்பைப் போலவே மறுபக்கம் திறந்தது. மூலையில் ஒரு புள்ளி. உள்ளே சீரகம் போலக் கறுப்பு விழுந்த ஒரு கல், நவராத்திரிக்கு முன்னால் அவரே பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பியது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே மாவ்ஜியின் அறைக்குப் போனார்.

“சேட், இது நம்ம சரக்கு. போனதே திரும்பி வந்திருக்கு.”

மாவ்ஜி போனை வைக்காமலே சிரித்தான். “வைரத்துக்கு மட்டும் ஊர் சுத்திப் பாக்க ஆசை இருக்காதா லாபு?”

“பில்லுல பதினோரு கோடின்னு போட்டிருக்கு. இது நாப்பது லட்சம் பெறாது.”

“கண்ணுதான் உன் வேலை, வாய் என் வேலை. பிரிச்சு வை, போ.”

அந்த வெள்ளிக்கிழமையே லாபுபாயின் மேஜைக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே தங்க எழுத்தில் நூறு விசிட்டிங் கார்டு: லாபுபாய், டைரக்டர். ஹாங்காங் சரக்கை வாங்குவதற்கென்றே புதிதாக ஒரு கம்பெனியாம். எங்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலில் குறித்திருந்தார்கள். போட்டார்.

வீட்டில் அவருடைய மனைவி ஜஸு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க கைலாஷ் அப்பா, டைரக்டர்னா சம்பளம் ஏறுமா?”

“ஏறாது.”

“அப்ப என்னத்த ஏத்திவிட்டிருக்கான், உங்க தலையில?”

அவளுக்குத் தெரிந்தது ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் இல்லை. பொட்டலம் எல்லை தாண்டும் ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்கு என்று விலை எழுதி, அந்தக் காகிதத்தைக் காட்டி பேங்கில் கடன் வாங்கினான் மாவ்ஜி. கடனை அடைக்க அடுத்த கடன். பொட்டலம் துபாய் போனது, வந்தது; மறுபடி ஹாங்காங் போனது, வந்தது. ஒவ்வொரு தடவையும் லாபுபாய் அதைப் பிரித்தார், மடித்தார், புள்ளி வைத்தார், வாயைத் திறக்கவில்லை. ஒரு கார்டுக்காக ஒரு மனுஷன் தன் கண்ணையே அடகு வைத்தார் என்றால் வேறென்ன சொல்ல? சொந்தக்காரர் கல்யாணங்களில் அந்தக் கார்டைக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

விழுந்தபோது மாவ்ஜி ஒரே வாரத்தில் விழுந்தான். பேங்கில் புதிதாக வந்த ஒருவர் கணக்கைக் கிளறினார். கடைக்குச் சீல். சாணைக்காரர்கள் நானூறு பேர் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். மாலை போட்ட அதே சந்தை அவன் போட்டோவுக்குச் செருப்பு மாலை போட்டது. விமான நிலையத்தில் பிடிபட்டபோது, சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க துபாய் போகிறேன் என்றானாம். தாய் கரியாதாரில் எருமை கறந்துகொண்டிருந்தாள்.

லாபுபாயை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை ஆபீஸ் நடையில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மாவ்ஜி உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வாய் அப்படியே இருந்தது.

“கல்லு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும், நிரூபிக்க முடியாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. ஒவ்வொண்ணும் வேற வேற சரக்குன்னு நீ சொல்லு. ரெண்டு பேரும் வெளிய வந்துடலாம். மாத்திச் சொன்னேன்னா, டைரக்டர் நீதான். முதல்ல நீதான் உள்ள போவ.”

“சரி, சேட்” என்றார் லாபுபாய்.

விசாரணை அதிகாரி ஒரு பெண், பரோடாக்காரி. மாவ்ஜியையும் அவன் வக்கீலையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு, பிடிபட்ட ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தாள்.

“இது முன்னாடியே வந்த சரக்கா?”

“இல்ல மேடம். எல்லாம் வேற வேற.”

அவள் நம்பவில்லை. ஆனால் நம்பாததை எழுதிக்கொள்ள முடியாதே. “சரி, இதோட தரம் என்ன, மதிப்பு என்னன்னு பாத்துச் சொல்லுங்க. பதிவுக்கு வேணும்” என்றாள்.

லாபுபாய் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து மாதமாக அவர் கல்லைத் தொடவில்லை. தாளில் கொட்டியதும் தோள் இறங்கியது, மூச்சு சீரானது. எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோனது. மஞ்சள் ஒரு பக்கம், கறுப்பு விழுந்தது ஒரு பக்கம் என்று இடுக்கி ஓடியது. சீரகக் கல்லைப் பார்த்து, பழகிய ஆளைப் பார்த்ததுபோல் தலையைக்கூட ஆட்டினார். “முப்பத்தெட்டு லட்சம், மேடம்” என்றார். பொட்டலத்தை மடித்தார். மேஜையில் கிடந்த பென்சிலை இடது கை எடுத்தது, மூலையில் கடுகளவு ஒரு புள்ளி வைத்தது.

அதிகாரி எழுந்து வந்தாள். மூலையில் ஏழு புள்ளி இருப்பதை அவள் முன்பே பார்த்திருந்தாள். அச்சடித்த குறி என்று விட்டுவிட்டாள். இப்போது எட்டு இருந்தது.

“என்ன இது?”

லாபுபாய்க்கு அப்போதுதான் தன் கையில் பென்சில் இருப்பதே தெரிந்தது.

மாவ்ஜி முந்திக்கொண்டான். “ஒண்ணுமில்ல மேடம். டாபோடிப் பய, கை சும்மா இருக்காது. எதையாவது கிறுக்குவான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். சாணையில் முழங்கை இடித்தபோதெல்லாம் சிரித்த அதே சிரிப்பு.

கிறுக்குவான். அவர் பிரித்த பொட்டலத்தை மறுபடி பிரிக்கத் தேவையில்லை என்று சந்தை முழுக்க நம்பிய புள்ளி அது. அந்தப் புள்ளியை வைத்துத்தான் இவன் முதலாளி ஆனான்.

“கிறுக்கல் இல்ல மேடம்” என்றார் லாபுபாய். “ஒரு தடவை பாத்தா ஒரு புள்ளி வெப்பேன். இது எட்டாவது தடவை. முதல் தடவை நான் கட்டி அனுப்பினேன். ஆறு தடவை ஊர் சுத்திட்டுத் திரும்பி வந்துது. இன்னிக்கு இங்க பாத்தேன்.”

வக்கீல் மாவ்ஜியின் தொடையை அழுத்திப் பிடித்தார்.

“அதே சரக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“ரெண்டாவது புள்ளி வெக்கறப்பவே.”

“தெரிஞ்சுமா டைரக்டரா இருந்தீங்க?”

லாபுபாய் பென்சிலை மேஜையில் வைத்தார். “கார்டு அடிச்சுக் குடுத்தாங்க மேடம்” என்றார்.

அவர் சொன்னதை அவள் எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது என்பதையும் சொன்னாள். கீழே மரத்தடியில் ஜஸு டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பது ஜன்னலில் தெரிந்தது. லாபுபாய் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

மாவ்ஜி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “நீயும்தாண்டா உள்ள போற, டாபோடி! நீயும்தான் போற!”

“போறேண்டா, மாவ்ஜி” என்றார் லாபுபாய்.